குழுக் கடன்: கட்ட முடியாதவள் வீட்டுத் திண்ணையில் நாமே போய் உட்காரலாமா?

களத்துமேட்டுக்காரி (காங்கேயம் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க. பத்து நாளாக மனசில் கிடந்து அறுக்கிற விஷயம். வீட்டில் சொன்னால் "உனக்கெதுக்கு ஊர்வம்பு" என்கிறார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கொப்பரைக் களத்தில் வேலை செய்கிறேன். எங்கள் தெருவில் ஐந்து பேர் சேர்ந்து மைக்ரோ பைனான்ஸ் ஒன்றில் ஆளுக்கு 40,000 வாங்கினோம். இரண்டு வருடத் தவணை, மாதம் 2,100 சொச்சம். ஐந்து பேருமே களத்து வேலைதான். தேங்காயை உடைத்துக் காயப் போடுவது, காய்ந்ததும் தொட்டியிலிருந்து, அதாவது சிரட்டையிலிருந்து, பருப்பை நெம்பி எடுப்பது. வெயில் இருந்தால்தான் கூலி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் பருப்பு பூஞ்சை பிடித்துவிடும் என்று களத்துக்காரர் உடைப்பதையே நிறுத்திவிடுவார். தவணை மட்டும் மழை வெயில் பார்க்காமல் அந்தத் தேதிக்கு வந்து நிற்கும்.

ஐப்பசியில் எங்களில் ஒருத்தியின் வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அந்த மாதத் தவணையை நாங்கள் நான்கு பேர் பங்கு போட்டுக் கட்டினோம், ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கட்டினோம். அடுத்த மாதமும் அவளால் முடியவில்லை. வசூலுக்கு வந்த ஆள் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து, பணம் வராமல் யாரும் எழுந்து போகக் கூடாது என்று எங்கள் நான்கு பேரையும் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டார். உள்ளே அவள் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாங்கள் ஆளாளுக்குப் பேசினோம். நானும் பேசினேன். "எம்புள்ளைக்குப் பீஸ் கட்டோணும், உனக்காக எத்தனை தடவைதான் கட்டறது" என்று நான்தான் சத்தமாகச் சொன்னேன்.

ஒன்பதரை மணி இருக்கும். அவள் ஒன்றும் பேசாமல் காதில் கிடந்த தோட்டைக் கழற்ற ஆரம்பித்தாள். திருகாணி இறுகிப் போய்க் கழலவில்லை. உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து, விரலில் தொட்டுத் தொட்டுத் தடவித் திருகினாள். நாங்கள் நான்கு பேரும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். ஒருத்தி கூட "விடு கண்ணு, வேண்டாம்" என்று சொல்லவில்லை. தோட்டை எங்கள் குழுத் தலைவி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தாள், அந்த ஆள் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதிலிருந்து அவள் எங்களோடு களத்துக்கு வருவதில்லை, வேறு களத்துக்குப் போகிறாள். தண்ணீர் பிடிக்கவும் நாங்கள் எல்லாம் போன பிறகுதான் குடத்தோடு வருகிறாள். பதினாலு வருடம் ஒரே தட்டில் சோறு தின்றவள். இதை எப்படிச் சரி செய்வது? யாராவது இப்படி ஒன்றைச் சரி செய்திருந்தால் சொல்லுங்கள்.

நொய்யல்கரை (திருப்பூர்)

அக்கா, படித்துவிட்டு எனக்குக் கை ஓடவில்லை. அந்த எண்ணெய்க் கிண்ணம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

பொம்பளைகளுக்குப் பொம்பளைகள்தான் எதிரி என்று பேசுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் நான் இன்றைக்கு இரண்டு வேளை நிம்மதியாகச் சாப்பிடுவதே ஒரு பொம்பளையால்தான். நான் பனியன் கம்பெனிக்கு வரும்போது பிசிறு வெட்டுகிற வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டு ட்ரிம்மரை வைத்துப் பீஸ் பீஸாக நூலைக் கத்தரிக்க வேண்டும். டெய்லர் கூலியோடு பார்த்தால் அது ரொம்பக் குறைவு. ஆனால் டெய்லர் ஆக வேண்டுமானால் மிஷினில் உட்கார்ந்து பழக வேண்டுமே, யார் விடுவார்கள்? பீஸ் ரேட்டில் ஓட்டுகிறவருக்கு மிஷின் நின்றால் அவர் காசுதான் போகும். எங்கள் லைனில் ஓவர்லாக் ஓட்டிய ஒரு அக்கா, சாயங்காலம் டீ வந்ததும் எழுந்து என்னை உட்கார வைப்பார். கால் மணி நேரம். கழிவுத் துணியைக் கொடுத்து நேராக ஓட்டச் சொல்வார். "மிதியை அமுக்காதே, தொட்டால் போதும்" என்பார். மூன்று மாதம் அந்த அக்கா டீயை நின்றுகொண்டே குடித்தார். நானாக ஒரு கழுத்துப்பட்டி ஏற்றின அன்றைக்குச் சூப்பர்வைசரிடம் போய் "இவளைப் பவர் டேபிள்ல போடுங்க, நான் ஜவாப்தாரி" என்று சொன்னதும் அவர்தான்.

அதனால் அக்கா, பேச்சில் ஒன்றும் இல்லை. நீங்கள் அவள் வீட்டுக்குப் போங்கள். தோட்டோடு போங்கள்.

குழுத் தலைவி (ராசிபுரம்)

எல்லோரும் கண்ணீர் விடுவதற்கு முன் தலைவியாக இருக்கிறவர்கள் படும் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள். நான் ஆறு வருடம் குழுத் தலைவி. ஒருத்தி கட்டவில்லை என்று பதினோரு தவணை என் கைக்காசைப் போட்டேன், பால் ஊற்றிய காசு. பாவம், கஷ்டம் என்றுதான் போட்டேன். அவள் அந்த வருடம் தீபாவளிக்குப் புது வண்டி எடுத்தாள். கேட்டதற்கு அது மச்சான் வாங்கிக் கொடுத்தது என்று சொன்னாள். நான் போட்ட காசு இன்று வரை வரவில்லை. எங்கள் வீட்டில் எனக்குக் கிடைத்த பேச்சு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

தோட்டை வாங்கி வைத்த அந்தத் தலைவி கெட்டவள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அன்றைக்குப் பணம் கட்டாமல் போயிருந்தால் நான்கு பேருக்கும் அடுத்த கடன் நின்றிருக்கும். நல்லவளாக இருப்பதற்கும் கையில் கொஞ்சம் காசு வேண்டியிருக்கிறது.

அவிநாசி ரோடு

நான் ஆண்தான், இங்கே எழுதலாமா தெரியவில்லை. வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன்.

டிகிரி முடித்துவிட்டு இரண்டு வருடம் இந்தக் கலெக்சன் வேலை பார்த்தேன், எந்தக் கம்பெனி என்று சொல்ல வேண்டாம். உங்கள் திண்ணையில் நடந்தது தற்செயல் இல்லைங்க அக்கா. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அதுதான். "நீ சத்தம் போடாதே, மத்த நாலு பேரைப் பேச வை" என்பார்கள். கடன் கொடுக்கும்போது வீட்டுப் பத்திரம் கேட்பதில்லை, நகை கேட்பதில்லை, ஏனென்றால் அதற்குப் பதிலாக அவள் நான்கு தோழிகளைத்தான் அடமானமாக வாங்குகிறோம். கட்டாதவள் எங்களுக்குப் பயப்பட மாட்டாள். நாளைக்குக் காலையில் குழாயடியில் உங்கள் முகத்தில் விழிக்க வேண்டுமே, அந்தப் பயத்தில்தான் எங்கேயாவது புரட்டிக்கொண்டு வருவாள். ஒரு அம்மா தாலிக்கொடியைக் கழற்றினபோது நான் பார்க்க முடியாமல் வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்தேன். அந்த மாதத்தோடு நின்றுவிட்டேன்.

இப்போது கோவையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். உங்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பேரேடு (கோபி)

வங்கியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். மகளிர் குழுக் கணக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், முதலாவது அவசரம்.

அன்றைக்கு உங்கள் திண்ணையில் நடந்ததற்கு விதியில் இடமே இல்லை. ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் மைக்ரோ பைனான்ஸ் கடன்களுக்கு என்றே உத்தரவு போட்டு, ஏப்ரல் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன்காரரைக் கூப்பிட்டுக் கேட்கக் கூடாது. வசூலை இரண்டு பக்கமும் பேசி வைத்துக்கொண்ட பொது இடத்தில்தான் செய்ய வேண்டும். அந்த இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு தடவையாவது ஆள் வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். மிரட்டுவது, தகாத வார்த்தை பேசுவது, அவர் குடும்பத்தாரையோ நண்பர்களையோ தொந்தரவு செய்வது எல்லாமே தடை. இன்னொன்று, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகும்படி கடன் கொடுக்கவே கூடாது. உங்கள் கடன் அட்டையை எடுத்துப் பாருங்கள், உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், புகார் எண்ணும் அதிலேயே இருக்க வேண்டும். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். காசு கிடையாது. 14448 என்ற எண்ணில் கேட்டால் எப்படி அனுப்புவது என்று வழி சொல்வார்கள்.

இரண்டாவது, நம் ஊரில் "குழு" என்ற ஒரே வார்த்தையில் இரண்டு வேறு வேறு சங்கதியைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சுய உதவிக் குழு என்பது பத்து முதல் இருபது பேர் முதலில் தங்கள் காசைத் தாங்களே சேர்ப்பது. வாராவாரம் கூட்டம், வாராவாரம் சேமிப்பு, அந்தச் சேமிப்பிலிருந்தே உள்கடன், தீர்மானப் புத்தகம், பேரேடு. ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் தரம் பார்த்து வங்கி கடன் கொடுக்கும், குழுவுக்கு 10 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது. தமிழ்நாட்டில் இதற்கு வித்திட்டது நம் பக்கத்துத் தர்மபுரிதான், 1989ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அரசு அங்கேதான் தொடங்கியது. குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கும் திட்டத்தை நபார்டு என்ற வேளாண் வளர்ச்சி வங்கி கொண்டுவந்தது 1992ல். உங்களுடையது அப்படி இல்லை. கம்பெனி பணத்துக்காக ஐந்து பேரைக் கட்டிப் போட்ட கூட்டுப் பொறுப்புக் குழு. சேமிப்பு கிடையாது, உங்கள் பெயரில் ஒரு கணக்குக் கூடக் கிடையாது. ஒருத்தி விழுந்தால் தாங்குவதற்கு அதில் ஒன்றுமே இல்லை, ஆகவே மற்றவர்கள் தலையில் விழுகிறது. ராசிபுரம் தலைவி சொன்ன வலியும் இங்கேதான் இருக்கிறது. பொதுவில் ஒரு நிதி இருந்திருந்தால் அவர் பால் காசைத் தொட்டிருக்க வேண்டியதில்லை.

நான் சர்வீஸில் இருந்தபோது சத்தியமங்கலம் பக்கம் ஒரு குழு வரும். பதினைந்து பேரில் மூன்று பேருக்குத்தான் எழுதத் தெரியும். அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள், வங்கிக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இரண்டு பேர் வருவார்கள், தலைவி மட்டுமே வருவது கிடையாது. முதல் தடவை கவுன்டருக்கு முன்னால் நிற்கும்போது செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்த அம்மா, ஒன்றரை வருடத்தில் மேனேஜர் அறைக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வட்டிக் கணக்கில் ஒரு மாதம் கூடுதலாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பார்த்தோம், பிடித்துத்தான் இருந்தது. திருப்பிப் போட்டோம்.

களத்துமேட்டுக்காரி (காங்கேயம் பக்கம்)

கோபி அம்மா, ஒரு விஷயம் கேட்க வேண்டும். நாங்கள் புகார் கொடுத்தால் அடுத்து யாரும் எங்களுக்குக் கடன் கொடுக்காமல் விட்டுவிடுவார்களா? எங்கள் தலைவி அதற்குத்தான் பயப்படுகிறாள். அவிநாசி ரோடு தம்பி, நீங்கள் எழுதியதைத் தலைவியிடம் வாசித்துக் காட்டினேன், அவள் அழுதுவிட்டாள்.

பேரேடு (கோபி)

ராத்திரியில் வந்ததைப் புகார் செய்வது ஒன்று, தவணை கட்டுவது வேறொன்று. தவணையை விட்டால் அது கடன் வரலாற்றில் ஏறும், பின்னால் தொந்தரவு. புகார் கொடுப்பது அதில் ஏறாது. அதனால் தவணையைக் கட்டிக்கொண்டே புகார் கொடுங்கள். அவளுக்கு முடியாத மாதங்களைத் தள்ளிப் போட்டுத் தவணையை மாற்றி அமைக்கச் சொல்லி, மருத்துவச் சீட்டு நகலோடு எழுத்தில் கேளுங்கள். கொடுப்பது அவர்கள் இஷ்டம், ஆனால் கேட்டதற்கு ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள், ஐந்து பேரும் போங்கள்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

எனக்கு வயது அறுபத்தி மூன்று, பேத்தி டைப் அடிக்கிறாள், நான் சொல்லச் சொல்ல.

அந்தக் காலத்தில் காசு இல்லை, ஆனால் களை வெட்டப் போகும்போது ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவள் பாத்தியை மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு முழம் இழுத்துவிட்டுக்கொண்டு போவார்கள், பண்ணையக்காரருக்குத் தெரியவே தெரியாது. அவளுக்கு முழுக்கூலி வந்துவிடும். எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் ஈரோட்டில் 1921லேயே கள்ளுக்கடை மறியலுக்குப் பெரியாரின் மனைவி நாகம்மையும் சகோதரி கண்ணம்மாவும் வீட்டை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள் என்று என் அப்பத்தா கதை கதையாகச் சொல்வார். ஒருத்தி தனியாக வந்திருந்தால் ஊர் வாயில் போட்டு மென்றிருக்கும் என்பார், ஒரே வீட்டு நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து நின்றதால் யாருக்கும் வாய் எழவில்லையாம்.

நாத்தனார், அண்ணி என்றதும் எனக்கு என் கதை ஞாபகம் வருகிறது. எங்கள் ஐயன் போன பிறகு காட்டைப் பாகம் பிரிக்கும்போது அண்ணன்கள் என்னை வரச் சொன்னார்கள். சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று, ஒரு கையெழுத்துதானே என்றார்கள். நானும் சரி என்றுதான் போனேன். விடிகாலையில் கட்டுத்தரையில் பால் பீய்ச்சிக்கொண்டிருந்த மூத்த நங்கை, அதாவது பெரிய அண்ணி, என்னைக் கூப்பிட்டு, எருமையின் மடியைப் பார்த்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல், "அது உம்பங்கை விட்டுத்தர்ற விடுதலைப் பத்திரம் அம்மிணி. படிச்சுப் பாக்காம போட்டறாதே. உனக்கும் ரெண்டு பொட்டப்புள்ளை இருக்குது" என்றார். அவ்வளவுதான், செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பங்கு வந்தால் குறைவது அவர் பிள்ளைகளுக்கு. எனக்குக் கல்யாணம் ஆனது 1990ல். 1989 மார்ச் 25லிருந்தே, அதுவரை கல்யாணம் ஆகாத மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனோடு சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது, அப்புறம் வக்கீல் சொல்லித்தான் தெரியும். ஒன்றே கால் ஏக்கர் வந்தது. மஞ்சள் போட்டு என் இரண்டு பெண்களையும் படிக்க வைத்தேன். அண்ணன் கடைசி வரை நான் யார் பேச்சைக் கேட்டேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார், நான் சொல்லவே இல்லை. நங்கை போய் நான்கு வருடம் ஆகிறது, அதனால்தான் இப்போது சொல்கிறேன்.

காங்கேயத்துக் கண்ணு, தோடு உன் தலைவி வீட்டில் இருக்கும்வரை அவள் உங்கள் பக்கம் திரும்ப மாட்டாள். சீக்கிரம் பார்.

தறிச்சத்தம் (பள்ளிபாளையம்)

எங்கள் பக்கம் கடன் என்ன செய்யும் என்று நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2025ல் இங்கே விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற செய்தி வந்தது, எல்லோரும் படித்திருப்பீர்கள். செய்தி வந்த பிறகு எங்கள் வீதியில் ஒன்பது பேர் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, யாருக்கு எத்தனை கடன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் ஒரு அக்கா ஐந்து இடத்தில் வாங்கியிருப்பதாகச் சொன்னார், வீட்டுக்காரருக்கே மூன்றுதான் தெரியுமாம். அதன்பிறகு ஒவ்வொருவராகச் சொன்னோம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், எல்லோர் கதையும் அதேதான். அன்றைக்கு யாரும் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. ஆனால் அந்த அக்கா ஆறாவது கடன் வாங்கவில்லை. வாங்குவதற்கு முன் எங்களிடம் சொல்ல ஆள் இருக்கிறது என்றாகிவிட்டது.

குழுத் தலைவி (ராசிபுரம்)

கோபி அம்மா சொன்னதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் காசு போனது போனதுதான், அந்தக் கோபம் போகாது. ஆனால் பொதுநிதி இல்லாத குழுவுக்குத் தலைவியாக இருக்க நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. காங்கேயத்து அம்மிணி, உங்கள் தலைவியிடம் சொல்லுங்கள், அவருக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் நான் பேசுகிறேன்.

களத்துமேட்டுக்காரி (காங்கேயம் பக்கம்)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தலைவி வீட்டில் நான்கு பேரும் கூடினோம். தோட்டுக்கு அவள் கொடுத்த 2,100ஐ நான்காகப் பிரித்து ஆளுக்கு 525 போட்டுத் தலைவிக்குக் கொடுத்தோம். ஒருத்தி கையில் 300தான் இருந்தது, மீதியை அடுத்த கூலிக்குத் தருகிறேன் என்றாள், சரி என்றோம். அப்புறம் தோட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம். போகும் வழி முழுக்க என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன், போனதும் எல்லாம் மறந்துவிட்டது. அவள் அரிசிம்பருப்பு ஆக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் வசூலுக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்து, "தை பொறக்கட்டும், கட்டிடறேன்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை.

தோட்டை வாங்கவில்லை. "அதான் கணக்கு முடிஞ்சுதே" என்றாள். இரண்டு காதிலும் துளை தூர்ந்துவிடக் கூடாது என்று வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தாள். நான் அந்தக் குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு நானே போட்டுவிட்டேன், அவள் திட்டிக்கொண்டே காதைக் காட்டினாள். நான் அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நீ பேசினதுதான் வலிச்சுது, மத்தவங்க பேசினது எனக்கு ஞாபகமே இல்லை" என்றாள். அதற்கு நான் என்ன சொல்ல, ஒன்றும் சொல்லவில்லை.

புகார்க் கடிதம் எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம், அவளும் போட்டாள். தவணையைத் தள்ளிப் போடக் கேட்டு இன்னொரு கடிதம். புதன்கிழமை கம்பெனியின் கிளைக்கு நேரில் போகிறோம், அன்றைக்குக் கூலி போனாலும் போகட்டும். சேமிப்புக் குழுவுக்குக் களத்தில் கேட்டதில் இதுவரை ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள், வாரம் 50 ரூபாய். இன்னும் ஒருத்தியாவது வேண்டும். மழைக்காலத்து நான்கு வாரம் சேமிப்புக் கட்ட வேண்டியதில்லை என்று இப்போதே தீர்மானத்தில் எழுதி வைக்கலாமா, கோபி அம்மா சொல்லுங்கள்.

பேரேடு (கோபி)

முழுவதும் விட்டுவிடாதீர்கள், மழை வாரங்களுக்கு 10 ரூபாய் என்று எழுதுங்கள். வரிசை அறுபடாமல் இருந்தால் வங்கியில் தரம் பார்க்கும்போது நல்லது. எல்லோரும் ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள், எழுதத் தெரியாதவர்களிடம் வாசித்துக் காட்டிவிட்டு ரேகை வாங்குங்கள். புதன்கிழமை எத்தனை மணிக்குப் போகிறீர்கள்? கோபியிலிருந்து காங்கேயத்துக்குக் காலையிலேயே பஸ் பிடித்து வந்துவிடுகிறேன்.

நொய்யல்கரை (திருப்பூர்)

நானும் அரை நாள் லீவு சொல்லிவிட்டேன் அக்கா. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.